அண்ணாமலைக் குகைமரபும் ஒரு கத்தோலிக்கத் துறவியும்

மலையைத் தெய்வமாகவும் தெய்வத்தின் உறைவிடமாகவும் கொள்ளுதல் தமிழர்க்குப் புதிதன்று. குறிஞ்சி நிலத்தைச் சேயோனுக்கு உரித்தாக்கிய தொல்காப்பியர் காலந்தொட்டே அவ்வழக்கு நம் இலக்கியத்தில் இடம்பெற்று வருகின்றது. ஆயின், ஒரே மலையை இருவேறு சமயத்தார் நாடிச் செல்லுங்கால் அவர்கள் அதனை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர் என்னும் வினா நம் ஆராய்ச்சியில் போதிய இடம் பெறவில்லை. திருவண்ணாமலையை நிலைக்களமாகக் கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராய விழைகின்றோம். 1952 முதல் 1955 வரை பலமுறை அம்மலைக் குகைகளில் தங்கி வாழ்ந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவி ஆன்றி லெ சோ என்பார் நம் ஆய்வுக்குரியவர். அபிஷிக்தானந்தர் என்னும் துறவுப் பெயரால் அறியப்பட்ட இவரைப் பற்றி ஐரோப்பிய மொழிகளில் நூல்கள் பல எழுந்துள்ளன. அவையெல்லாம் இவரைக் கிறித்தவ இறையியல் வரலாற்றின் ஓர் இயலாகவே வைத்துப் பேசுகின்றன. அண்ணாமலையின் வரலாற்றில் இவரை வைத்து நோக்கினால் வேறொரு தோற்றம் புலனாகும் என்பது நம் கருத்து.

முதற்கண், மலையைப் பகிர்தல் என்பது யாண்டும் ஒரு தன்மைத்தன்று என்பதை அறிதல் வேண்டும். ஈழத்தின் சிவனொளிபாதமலை 2,243 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியிலுள்ள அடிச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்பர். சைவர் சிவபெருமானுடையது என்பர். இசுலாமியர் ஆதமுடையது என்பர். கிறித்தவருள் ஒரு சாரார் தோமையாருடையது என்பர். மணிமேகலை இரத்தினத் தீவத்துச் சமந்த மலையுச்சியில் அறவோன் அடியிணை உள்ளதெனக் கூறுகின்றது. மொராக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூத்தா 1344இல் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் துணைபெற்று அம்மலைக்குச் சென்றார். அங்குப் பகிரப்படுவது ஒரு சுவடு. சுவடு ஒன்றே, அதனைப் பதித்தவர் யார் என்பதில்தான் வேறுபாடு. ஆதலின் அங்கு ஏறுவோர் தோளோடு தோள் உரச ஏறினும், உச்சியில் தத்தம் தெய்வத்தையே காண்கின்றனர்.

சென்னைக்கு அணித்தாகிய பரங்கிமலையின் நிலை வேறு. ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள அக்குன்றில் தோமையார் உயிர்நீத்தார் என்பது கிறித்தவ மரபு. 1547இல் அங்கு நிலத்தை அகழ்ந்தபோது பாலவி மொழி பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெத்ருசு உசுகான் அடியார் ஏறுதற்குப் படிகள் அமைத்தளித்தார். மலையடியிலுள்ள நந்தீசுவரர் கோயிலைச் சார்ந்தோரோ, அது பிருங்கி முனிவர் தவஞ்செய்த பிருங்கிமலை என்பர். பறங்கியர் வாழ்ந்தமையின் பரங்கிமலையாயிற்றோ, பிருங்கி என்பதே பரங்கி எனத் திரிந்ததோ என்னும் வழக்கு எளிதில் தீர்வதன்று. அதனைத் தீர்த்தல் நம் நோக்கமும் அன்று. நாம் கருதத்தக்கது ஒன்றே. இவ்விரு மரபினரும் மலையை ஒரு நிகழ்ச்சி நடந்த இடமாகக் கொள்கின்றனர். ஆண்டு முனிவர் தவம் செய்தார். ஈண்டு திருத்தூதர் குருதி சிந்தினார். மலை அந்நிகழ்ச்சியின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. சீனாய், தாபோர் முதலிய விவிலிய மலைகளும் இவ்வகையினவே. நினைவைத் தேடிச் செல்வோர் நிகழ்ச்சி நடந்த இடத்தை அடைய வேண்டும். ஆதலின் ஏறுதலே அங்கு வழிபாடாகின்றது.

கடல் கடந்த சான்று ஒன்றும் இவண் நோக்கத்தக்கது. மேற்காப்பிரிக்காவில், நைசீரிய நாட்டு யொரூபா மக்களின் நகரங்களுள் அபெயொகூத்தா என்பது ஒன்று. அப்பெயர்க்குப் 'பாறையின் அடியில்' என்பது பொருள். போருக்கு அஞ்சி ஓடிவந்த எக்பா குடியினர் 1830இல் ஒலூமோ என்னும் பெரும்பாறையின் முழைகளில் அடைக்கலம் புகுந்து அந்நகரை நிறுவினர். பாறை காத்தது, ஆகவே பாறை தெய்வமாயிற்று. கிறித்தவமும் இசுலாமும் அந்நகரில் வேரூன்றிய பின்னரும் அப்பாறைக்குரிய சிறப்பு மறையவில்லை. சுவடும் நினைவுமன்றி, புகலிடமாய் நின்று காத்தல் என்னும் மூன்றாவது தன்மையை இங்குக் காண்கின்றோம். இம்மூன்றாவதே அண்ணாமலைக்கு நம்மை இட்டுச் செல்வது.

அண்ணாமலையில் இறைவன் மலைமேல் எழுந்தருளியிருக்கின்றான் என்று மரபு கூறுவதில்லை. மலையே இறைவன் என்று கூறுகின்றது. அயனும் மாலும் அடிமுடி தேடிய அழற்பிழம்பு குளிர்ந்து மலையாயிற்று என்பது புராணம். கந்தபுராண வடநூலின் அருணாசல மான்மியமும் சைவ எல்லப்ப நாவலரின் அருணாசலபுராணமும் இதனை விரிக்கின்றன. ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பதிகம் பாடினர். மணிவாசகர் திருவெம்பாவையை ஈண்டே அருளினார் என்ப. மலை இலிங்கமேயாயின் அதன்மேல் கால்வைத்து ஏறுதல் எங்ஙனம்? ஆகவே, ஏறுதலினும் வலம்வருதலே இங்குச் சிறந்த வழிபாடாயிற்று. ஏறத்தாழ 814 மீட்டர் உயரமுள்ள மலையை 14 கிலோமீட்டர் நடந்து, எண்டிசை இலிங்கங்களையும் தொழுது, புறப்பட்ட இடத்திற்கே மீள்கின்றனர் அடியார். உச்சிக்கு ஏறுதல் கார்த்திகைத் தீபத்தையொட்டிய வழக்கம். 2024 டிசம்பர் 1ஆம் நாள் பெருமழையால் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து எழுவர் உயிரிழந்தபின், அவ்வாண்டுத் தீபத்திற்கு அடியார் மலையேற இசைவளிக்கப்படவில்லை. ஆயினும் வழிபாடு குறைவுற்றதாக யாரும் கருதவில்லை. ஏறுதல் இன்றியும் நிறைவுபெறும் மலைவழிபாடு இஃது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதனின்று ஒரு விளைவு பிறக்கின்றது. கோயிலுக்கு மதிலுண்டு, வாயிலுண்டு, யார் எதுவரை செல்லலாம் என்னும் வரையறையும் உண்டு. மலைக்கு இவை இல்லை. வலம்வருவோனை யாரும் வினவுவதில்லை. குகையில் இருப்போனும் தான் யாரென விடைகூறக் கடமைப்பட்டவன் அல்லன். பெரிய கோயிலின் ஒன்பது கோபுரங்கள் எழுப்ப இயலாத வினாக்களை மலை எழுப்பாமலே விட்டுவிடுகின்றது. இதனை மிகைப்படுத்துதலும் ஆகாது. விரூபாட்ச குகைக்குரிய மடத்தார் கார்த்திகைத் திருவிழாவின்போது வருவோரிடம் சிறு கட்டணம் பெற்று வந்தனர் என்பதும், அங்கு வாழ்ந்த இரமணர் தம்மைக் காண வருவோரிடமும் அது வாங்கப்படுதல் கண்டு குகையை விட்டு வெளியே சென்று அமர்ந்தார் என்பதும் அவர் வரலாற்றால் அறியப்படுவன. மலைக்கும் வாயில் வைக்க மனிதர் முயன்றதுண்டு, அது நிலைக்கவில்லை.

குகைகளின் வரலாற்றைச் சிறிது விரிவாகவே கூறுதல் வேண்டும்; நம் கருத்துக்கு அதுவே அடிப்படை. தொண்டைநாட்டுக் குன்றுகளில் துறவியர் உறைதல் சைவர்க்கு முன்னர்ச் சமணர் வளர்த்த வழக்கம். போளூரை அடுத்த திருமலை அதற்குச் சான்றாய் இன்றும் நிற்கின்றது. அண்ணாமலையின் குகைமரபுக்கு முதல்வராகப் போற்றப்படுபவர் குகை நமச்சிவாயர். 16ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் இவர் கன்னட நாட்டு வீரசைவர். திருப்பருப்பதத்திலிருந்து குருவின் ஆணையால் ஈண்டு வந்தவர் என்ப. தாய்மொழி வேறாயினும் தமிழில் அருணகிரியந்தாதி பாடினார். இவர் மாணாக்கர் குரு நமச்சிவாயர் தில்லை சென்று புகழ்பெற்றார். மற்றொருவரான விரூபாட்ச தேவரின் சமாதி அவர் பெயர் பூண்ட குகையிலேயே உள்ளது.

குகை நமச்சிவாயர் அயல்மொழியினர் என்பது மட்டும் இங்குச் சிறப்பன்று. வீரசைவர் உடலில் அணியும் இட்டலிங்கத்தையே வழிபடுவர்; நாட்டிய தாவர இலிங்கத்தை வழிபடுதல் அவர் கொள்கைக்கு உடன்பாடன்று. பசவர் 12ஆம் நூற்றாண்டிலேயே நிலைத்து நிற்பதையும் இயங்குவதையும் வேறுபடுத்தி, இயங்குவதை உயர்த்திப் பேசினார். அங்ஙனமாக, உலகிலேயே அசைக்கவியலாத தாவர இலிங்கமாகிய ஒரு மலையை நோக்கி அந்தாதி பாடிய வீரசைவரின் உள்ளத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்திருத்தல் வேண்டும். கழுத்தில் தொங்கும் இலிங்கத்திற்கும் கண்முன் நிற்கும் இலிங்கத்திற்கும் இடையே அவர் வாழ்ந்தார். ஆகவே அண்ணாமலைக் குகைமரபு தொடங்கும்போதே ஒரு கொள்கை எல்லையைக் கடந்தவரிடமிருந்து தொடங்குகின்றது. நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த கத்தோலிக்கத் துறவியை அம்மரபுக்குப் புறம்பானவர் எனத் தள்ளுமுன் இதனை நினைத்தல் நலம்.

'குகை' என்னும் சொல்லின் பொருளும் ஆராயத்தக்கது. மலையிலுள்ள முழையைக் குறிக்க முழை, அளை, விடர் எனத் தமிழில் சொற்கள் பல இருந்தும், துறவியர் வாழிடத்திற்கு வடசொல்லாகிய குகை என்பதே நிலைத்தது. அதற்குக் காரணம் உண்டு. உபநிடதங்களில் 'குகா' என்பது நெஞ்சின் உள்ளிடத்தைக் குறிக்கும். திருமூலரோ ஞானியரின் உடலை அடக்கம் செய்யும் நிலவறையைக் குகை என்கின்றார். எனவே, மலைமுழை, உள்ளத்தின் உள், சமாதியறை என்னும் மூன்றும் ஒரு சொல்லுள் அடங்கின. குகையில் வாழ்தல் என்பது தன்னுள் வாழ்தலும் ஆயிற்று. உயிரோடிருந்தே சமாதியுள் இருத்தலும் ஆயிற்று. விரூபாட்ச குகையில் 1899 முதல் 1916 வரை இரமணர் வாழ்ந்தது ஒரு சமாதியின் அருகில் என்பதை மறத்தலாகாது. பாறையிற் குடைந்த கல்லறையிலிருந்து உயிர்த்தெழுதலைத் தன் சமயத்தின் நடுநாயகமாகக் கொண்ட ஒருவனுக்கு இச்சொல் அயலாகத் தோன்றாது.

இனி இரமணரைப் பற்றி நீளக் கூற வேண்டுவதில்லை. 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை அடைந்து, 1950 ஏப்பிரல் 14ஆம் நாள் மறையும்வரை அவர் அவ்வூரை விட்டு நீங்கவில்லை. 1911இல் வேலூரில் காவல்துறை அலுவல் பார்த்த அம்பிரீசு என்னும் ஆங்கிலேய இளைஞர் அவரைக் காண மலையேறினார். அவ்விளைஞர் பின்னாளில் கத்தோலிக்கத் துறவறம் பூண்டார் என இரமணர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மலைக்கும் கத்தோலிக்கத் துறவுக்கும் உள்ள தொடர்பு லெ சோவோடு தொடங்கியதன்று என்பதற்கு இச்செய்தி போதும்.

ஆன்றி லெ சோ 1910இல் பிரான்சு நாட்டுப் பிரித்தானி நிலப்பகுதியில் பிறந்தார். 1929இல் கெர்கொனான் என்னும் ஊரின் பெனடிக்ட் துறவுமடத்தில் சேர்ந்தார். அங்கிருந்தே தமிழும் வடமொழியும் பயிலத் தொடங்கி, 1948இல் தமிழகம் வந்தார். குளித்தலையில் முன்னரே பணியாற்றி வந்த லியோன் நகரத்துக் குருவாகிய சூல் மொன்சானினுடன் இணைந்து, 1950 மார்ச்சு 21ஆம் நாள் காவிரிக்கரைத் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார். சாந்திவனம் என்பதும் அதுவே. மொன்சானின் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் பரம அரூபி ஆனந்தர் என்பது. உருவற்ற தூய ஆவியை அரூபி என்னும் சொல்லால் குறித்தமை அவர்தம் மொழியுணர்வைக் காட்டும்.

1949 சனவரியில் இருவரும் இரமணாசிரமம் சென்றனர். முதல் நாளில் லெ சோவுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. பேரொளியை எதிர்பார்த்துச் சென்றவர், எளிய முதியவர் ஒருவரையும் அவரைச் சூழ்ந்த பத்தியையும் கண்டார். பெருஞ்சுமையோடு வந்திருக்கின்றீர்; உமக்குரியது இவ்வழியில்தான் வரவேண்டும் என முன்னரே தீர்மானித்து விட்டீர் என்னும் கருத்துப்பட ஆங்கிருந்த ஆங்கில மாது ஒருவர் அவரைக் கடிந்துகொண்டார். பின்னர்க் காய்ச்சல் கண்டு கிடந்த வேளையில்தான் அம்முனிவரின் தாக்கம் தம்முள் இறங்கியிருத்தலை அவர் உணர்ந்தார். அவ்வாண்டிலேயே மீண்டும் சென்றார். அடுத்த ஆண்டு இரமணர் மறைந்தார். இந்நிலையில் லெ சோ திருவண்ணாமலையை மறந்திருக்கலாம். முனிவரைக் காணவே சென்றவர்க்கு முனிவர் இல்லாத ஊரில் என்ன வேலை? ஆயின் 1952இல் அவர் மீண்டும் வந்தார். இம்முறை ஆசிரமத்திற்கன்று, மலைக்கே வந்தார்.

வண்ணாத்தி குகையிலும் அருட்பால் தீர்த்தத்தையொட்டிய குகையிலும் அவர் தங்கினார். காவியுடுத்து, மௌனம் காத்து, ஊரார் இட்ட உணவை உண்டு வாழ்ந்தார். அவ்வாழ்வு 1955 வரை விட்டுவிட்டுத் தொடர்ந்தது. இந்நாள்களை நினைவுகூர்ந்து அவர் எழுதிய பிரெஞ்சு நூல் அவர் மறைவுக்குப் பின்னர், 1978இல் வெளிவந்தது. அந்நாளைய நாட்குறிப்பு 1986இல் அச்சேறியது. இவற்றைக் கற்போர் ஒன்றை உணர்வர். தொடக்கத்தில் மலை அவர்க்கு இரமணர் வாழ்ந்த இடம். அஃதாவது பரங்கிமலையைப் போன்ற நினைவிடம். நாள் செல்லச் செல்ல மலையே அவரை அழைப்பதாகவும் ஆட்கொள்வதாகவும் எழுதத் தலைப்படுகின்றார். நினைவிடமாகிய மலை தானே இறைமையாகிய மலையாக மாறுகின்றது. ஒரு சமயத்தார் மலையைக் காணும் முறையிலிருந்து மற்றொரு சமயத்தார் காணும் முறைக்கு ஓர் உள்ளம் கடந்து செல்லுதலை நாள்வாரியாகக் காட்டும் ஆவணம் இதனைப் போல் வேறொன்று கிடைத்தல் அரிது.

இக்கடத்தல் எளிதாக நிகழவில்லை. திருப்பலியையும் திருச்சபை விதித்த மன்றாட்டுகளையும் கைவிடாத குரு ஒருவர், நான் என்பதும் நீ என்பதும் அற்ற நிலையைக் குகையில் உணர்ந்தால், யாரை நோக்கி மன்றாடுவது? இவ்வினா அவரை ஆண்டுக்கணக்கில் வருத்தியது. குகை வாழ்வின் விளைவாக அவர் எழுதிய நூலுக்குக் 'குகாந்தரம்' என்று பெயரிட்டார். மேற்கூறிய சொல்லின் பொருளாழம் அவர்க்கு நன்கு தெரிந்திருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று. அதனை வெளியிடப் பாரிசு நகரில் திருச்சபைத் தணிக்கையாளர் இசைவு மறுத்தனர். உடனுறைந்த மொன்சானினே நண்பரின் போக்கு கண்டு கவலையுற்றார். அத்துவிதத்தையும் மூவொரு இறைமையையும் ஒன்றாகக் காண்டல் இயலாதென்னும் கருத்து அவர்க்கு இறுதி ஆண்டுகளில் வலுப்பெற்றது. 1957இல் அவர் மறைந்தார். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் உள்ளனவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965 அக்டோபர் 28ஆம் நாள். லெ சோ குகை புகுந்ததோ அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னர். அவர்க்குத் துணைநிற்க அன்று ஆவணம் ஏதும் இல்லை.

இங்கு ஒரு வேற்றுமை கருதத்தக்கது. அவருடைய இடர் முழுவதும் அவர் கொணர்ந்த மரபிலிருந்தே எழுந்தது. மலையைச் சார்ந்தோரிடமிருந்து எழவில்லை. சிலுவையைக் கைவிட்டுவா என்று மலைமக்கள் கூறவில்லை. இதனைச் சைவத்தின் பெருந்தன்மை எனப் புகழ்வோர் உளர். நாம் அங்ஙனம் விரைந்து கூறோம். கோயிற் கருவறையைச் சார்ந்து அவர் வாழ முற்பட்டிருந்தால் நிலைமை வேறாயிருக்கும். மலைக்கு வாயில் இன்மையே அதன் பெருந்தன்மை. அவரை இந்துவாயினார் என எழுதுவோரும் பிழைபடுகின்றனர். 1973 டிசம்பர் 7ஆம் நாள் இந்தோரில் உயிர்நீங்கும்வரை அவர் கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார். குகை நமச்சிவாயரும் இட்டலிங்கத்தைக் கழற்றிவிட்டு அந்தாதி பாடியவர் அல்லர்.

தீபத் திருநாளும் இவ்வொப்புமைக்குத் துணையாகும். கார்த்திகை விடியலில் கருவறையில் பரணி தீபம் ஏற்றப்படுகின்றது. மாலையில் அர்த்தநாரீசுவரர் வெளிப்படுங் கணத்தில் மலையுச்சியில் பெருந்தீபம் சுடர்கின்றது. கத்தோலிக்கரின் உயிர்ப்புப் பெருவிழா நள்ளிரவில் கோயிலுக்கு வெளியே புதுத்தீ மூட்டப்பட்டு, அச்சுடர் இருண்ட கோயிலினுள் கொண்டுசெல்லப்படுகின்றது. ஒன்றில் ஒளி உள்ளிருந்து வெளியே செல்கின்றது. மற்றொன்றில் வெளியிருந்து உள்ளே வருகின்றது. இரண்டையும் அறிந்த ஒருவர் மலையடியில் நின்று அச்சுடரை நோக்கியபோது எதனை நினைத்திருப்பார் என்பது கற்பனைக்குரியது; ஆயினும் இரு சடங்குகளும் எதிரெதிர்த் திசையில் இயங்குதல் ஆய்வாளர்க்கு உரிய பொருள்.

இலக்கிய மாணாக்கர் நோக்கவேண்டிய மற்றொரு பொருளும் உண்டு. இரமணர் குகையில் வாழ்ந்த காலத்து இயற்றிய அருணாசல அட்சரமணமாலை 108 கண்ணிகளால் அமைந்தது. மலையைத் தலைவனாகவும் உயிரைத் தலைவியாகவும் வைத்து, ஊடியும் இரந்தும் வைதும் முன்னிலைப்படுத்திப் பாடுவது அந்நூல். மணமாலை என்னும் பெயரே நாயகி பாவத்தைக் காட்டும். தன்னை விசாரித்து 'நான்' என்பதன் மூலத்தைக் காண்க என உபதேசித்தவரே, மலைமுன் நிற்குங்கால் நான், நீ என்னும் இரண்டையும் விடாமல் பாடியிருத்தல் வியப்பிற்குரியது. லெ சோ வளர்ந்த துறவு மரபிலும் இத்தகையதோர் இலக்கியம் உண்டு. விவிலியத்தின் உன்னத சங்கீதத்திற்குக் கிளேர்வோ நகர்ப் பெர்நார்து 12ஆம் நூற்றாண்டில் 86 அருளுரைகளால் விளக்கம் கண்டு, அதன் தலைவியை உயிராகவும் தலைவனை இறைவனாகவும் கொண்டார். தமிழ் அகமரபின் வழிவந்த மணமாலையும் பெனடிக்ட் துறவியர் கற்ற அவ்வுரைகளும் ஒரே மலைச்சாரலில் ஒருவர் நெஞ்சில் சந்தித்தன. லெ சோவை வருத்திய 'யாரை நோக்கி மன்றாடுவது' என்னும் வினாவிற்கு மணமாலையின் முன்னிலைப் பாட்டு ஒருவகை விடையாக நிற்கின்றது. அதனை இறையியலார் கண்டிலர். ஏனெனில் அது யாப்பினுள்ளும் திணைமரபினுள்ளும் கிடக்கின்றது.

1955 டிசம்பரில் லெ சோ திருக்கோவலூரில் ஞானானந்தரைக் கண்டு, அவரைக் குருவாக ஏற்றார். அவ்வூர்க்கு எதிரே, பெண்ணையாற்றின் மறுகரையில் அறையணிநல்லூர்க் கோயில் உளது. ஞானசம்பந்தர் அங்கிருந்தே அண்ணாமலையை நோக்கித் தொழுதார் என்பது மரபு. 1896இல் இளைஞராகிய இரமணர் மலையை அடைவதற்கு முன்னர்த் தங்கியதும் அங்கேதான். மலை அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும்.